நிலக்காட்சியின் ஓரத்தில் நின்றவர்கள்: சென்னையின் பழைய புகைப்படங்களை வாசிக்கும் முறை

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் வழக்கமாக நான்கு வகைச் சான்றுகளை நாடுகின்றனர். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஒரு வகை. பாரசீகத்திலும் உருதுவிலும் எழுதப்பட்ட அரசவை நூல்கள் மற்றொரு வகை. வக்ஃபு ஆவணங்களும், புலவர் பெருமக்களும் ஆலிம்களும் விட்டுச்சென்ற ஏடுகளும் ஏனைய இரண்டு. இவை ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றில் பேசப்படுவோர் யாவர் என்று நோக்கினால், நவாபுகளும் அமீர்களும், கப்பல் வணிகர்களும் வள்ளல்களும், ஷைகுமார்களும் காழிகளுமே பெரும்பாலோர் என்பது புலனாகும். தோல்துருத்தியில் வீடுதோறும் நீர் சுமந்த பிஹிஷ்தியும், ஜட்கா வண்டி ஓட்டியவரும், தெருத்திண்ணையில் அமர்ந்து துணி தைத்தவரும் இச்சான்றுகளில் பெயரளவில்கூட இடம்பெறுவதில்லை. மதராஸ் நகரில் வாழ்ந்து மறைந்த நம் முன்னோருள் மிகப் பலர் இத்தகையோரே.

இவர்கள் தோன்றுகிற இடம் ஒன்று உண்டு. அது பழைய புகைப்படம். அரண்மனையையோ கோயிற் குளத்தையோ கடற்கரையையோ படம்பிடிக்க வந்தவரின் கருவிக்குள், அழைக்கப்படாமலே வந்து நின்றவர்கள் இவர்கள். படமெடுத்தவர் இவர்களைக் கருதி வரவில்லை. இவர்களும் படத்துக்காக நிற்கவில்லை. அவ்வாறாயின் இவ்வுருவங்களிலிருந்து நாம் பொருள் கொள்ளலாமா? கொள்ளலாம் எனில், எதுவரை கொள்ளலாம்? கண்டதையெல்லாம் தம் விருப்பத்திற்கேற்ப விளக்குவோரும், படம் வெறும் படமே என்று ஒதுக்குவோரும் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வினா ஆராயத்தக்கது. இதற்கு விடை காண உதவும் கருவிகள் நம் மத்ரஸாக்களில் நாள்தோறும் ஓதப்படும் நூல்களிலேயே உள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இருண்ட அறையும் நகரும் மனிதரும்

ஒளியின் இயல்பை ஆய்ந்தோருள் தலைசிறந்தவரான இப்னுல் ஹைதம் (965-1040 அளவில்) பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். சிறு துளை வழியே இருண்ட இடத்தினுள் புகும் ஒளி, வெளியே உள்ளதன் உருவை எவ்வாறு எதிர்ச்சுவரில் காட்டுகிறது என்பதைச் சூரிய கிரகணத்தைக் கொண்டு அவர் விளக்கினார். அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ 1200ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. புகைப்படக் கருவியின் முன்னோடி இருட்டறை என்று கூறுவோர் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர்.

ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாதது அந்நூலின் இரண்டாம் பகுதியே. கண்ணால் அறியப்படும் பண்புகளை இப்னுல் ஹைதம் இருபத்திரண்டாக வகுக்கிறார். ஒளி, நிறம், தொலைவு, வடிவம், எண்ணிக்கை, அசைவு, நிலைத்திருத்தல், நிழல், அழகு என்றெல்லாம் அவை விரியும். இப்பண்புகளுக்கு அவர் இட்ட பெயர் ‘மஆனீ’ என்பதாகும். ‘பொருள்கள்’ என்று நாம் மொழிபெயர்க்கும் அதே சொல். கண்ணுக்கு நேரடியாகத் தட்டுப்படுவன ஒளியும் நிறமுமே. ஏனையவற்றை மனம் ஒப்பிட்டும் நினைவுகூர்ந்தும் பிரித்தறிந்துமே உணர்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதாவது, பார்த்தல் என்பதே ஒருவகை வாசிப்பு. முன்னறிவு இல்லாதவன் பார்வையும் குறைவுடையதே.

1839இல் பிரெஞ்சு நாட்டு டாகர் தம் முறையை உலகறியச் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றை அவர் எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த அத்தெரு படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நகர்ந்துகொண்டிருந்தோர் யாவரும் தடமின்றி மறைந்தனர். ஓரத்தில் காலணிக்கு மெருகிட்டுக்கொள்ள நின்ற ஒருவரும், அவர் காலடியில் பணிசெய்தவரும் மட்டும் நிழலுருவாய்ப் பதிந்தனர். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என இன்றும் சுட்டப்படுபவர், அசையாது நின்ற அப்பெயரற்றவரே.

இதிலிருந்து முதல் விதி ஒன்றை நாம் பெறுகிறோம். தேடியும் கிடைக்காமை, இல்லாமைக்குச் சான்றாகாது என்பது நம் அறிஞர்களிடையே வழங்கும் கோட்பாடு. பழைய மதராஸ் படங்களில் தெருக்கள் ஆளரவமற்றுக் காணப்படுவதை வைத்து நகரமே அமைதியில் உறங்கியதாக எழுதுவோர் இவ்விதியை மறந்தவர்கள். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857-58இல் திருச்சி, மதுரை, தஞ்சைப் பகுதிகளில் மெழுகிட்ட தாளில் எடுத்த கோயிற் படங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவற்றில் மனிதர் அரிதாகவே காணப்படுகின்றனர். அக்கோயில்களில் மக்கள் இல்லாதிருந்தனர் என்று எவரும் கூறமாட்டார். கருவியின் இயலாமையும், கட்டடத்தையே நாடிய அவர் நோக்கமுமே காரணம்.

கருவி மதராஸுக்கு வந்த காலம்

புகைப்படக் கருவி மதராஸுக்கு வந்த காலத்தை நம் வரலாற்றோடு ஒட்டவைத்துப் பார்ப்பது பயன் தரும். ஃபிரெடெரிக் ஃபீபிக் என்பவர் 1850களின் தொடக்கத்தில் மதராஸை வலம்வந்து எடுத்து, கையால் வண்ணமும் தீட்டிய படங்கள், கல்கத்தா, இலங்கை முதலிய இடங்களின் படங்களோடு சேர்ந்து ஏறத்தாழ 500 என்ற அளவில் 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் விலைக்கு வாங்கப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மதராஸ் கலைப் பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் மதராஸ் புகைப்படச் சங்கம் உருவாயிற்று.

இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே, 1855இல், நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். அதைக் காரணம் காட்டிக் கம்பெனி ஆட்சி கர்நாடக நவாபுப் பட்டத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது. 1768இல் நவாப் முஹம்மது அலீ வாலாஜா எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்கு மாறியது. அரண்மனையை நம்பி வாழ்ந்த எழுத்தர்கள், ஹகீம்கள், காவலர்கள், குதிரைப் பணியாளர்கள், சமையற்காரர்கள் என எண்ணற்றோர் நிலைகுலைந்தனர். பின்னர் ஆற்காட்டு இளவரசர் என்ற புதிய பட்டம் தோன்றி, அக்குடும்பம் 1876இல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது.

ஆக, மதராஸில் கருவி கண் திறந்த அதே பத்தாண்டில் முஸ்லிம் அரசவை கண் மூடியது. கட்டடங்களின் எழிலைப் பதிவுசெய்ய முனைந்த படங்களின் காலம், அக்கட்டடங்களைத் தம் வாழ்வாகக் கொண்டிருந்தோர் கலைந்துபோன காலமுமாகும். அக்காலத்துத் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், இராயப்பேட்டைப் படங்களில் மங்கலாகத் தெரியும் ஓர் உருவத்தை நாம் அலட்சியமாகக் கடந்துவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

மாதிரியும் மனிதரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய மக்களை எடுத்த படங்கள் பெரும்பாலும் மற்றொரு வகையைச் சார்ந்தவை. ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் அரசின் ஆதரவில் வெளிவந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் அளந்து, க. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். லெப்பைகளும் மரைக்காயர்களும் அதில் தனித்தனித் தலைப்புகளில் இடம்பெற்றுள்ளனர். இத்தகைய நூல்களின் படங்களில் மனிதன் தன் நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டு நிறுத்தப்படுகிறான். அவனுக்குப் பெயரில்லை, வகை மட்டும் உண்டு. அவன் ஒரு மாதிரி.

இதனினும் கொடியது பஞ்சகாலப் படங்கள். 1876-78ஆம் ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, மதராஸ் படையின் அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எலும்புக்கூடாய் மெலிந்தோரைக் குழுக்குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். உதவி ஏதும் செய்யாமல் படம் மட்டும் எடுத்தார் என்ற பழி அன்றே அவர்மீது எழுந்தது. 1886இல் பர்மாவின் மாந்தளையில், சுட்டுக் கொல்லப்படவிருந்த கைதிகளைப் படமெடுப்பதற்காகத் தண்டனை நிறைவேற்றத்தைத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் அவர் விசாரணைக்கும் உள்ளானார். அப்பஞ்சப் படங்கள் கொடுமையை உலகுக்கு உணர்த்தின என்பதும் உண்மையே. ஆனால் அவற்றில் உள்ளோர் எப்படி அமர வேண்டும், யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் படமெடுத்தவரே. அவர்களின் துயரம் உண்மை; அமைப்பு அவருடையது.

அதே பஞ்சத்தின் மற்றொரு சுவடு தென்சென்னையின் நடுவிலேயே கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. கூலிக்கு மண் சுமந்தோரின் பெயர்ப்பட்டியல் எவரிடமும் இல்லை. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இடப்பட்டது. இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் வழிநெடுக நிற்கின்றன. பிற்காலத்தில் அக்கால்வாயில் படகுகள் மிதந்த படங்களைக் காண்போர், படகோட்டியை மட்டுமன்று, கரையையும் காணவேண்டும். அக்கரை தானாக எழுந்ததன்று.

இபாரத்தும் இஷாரத்தும்

மாதிரியாக நிறுத்தப்பட்டவனிடமிருந்து அறிய முடியாத சில செய்திகளைத் தற்செயலாகச் சிக்கியவனிடமிருந்து அறியலாம் என்பதை, உஸூலுல் ஃபிக்ஹு என்னும் சட்டமூலக் கலையைக் கொண்டு விளக்கலாம்.

ஒரு வாசகம் தரும் பொருளை ஹனஃபி உஸூல் அறிஞர்கள் நான்கு வழிகளாகப் பிரிப்பர். அவற்றுள் முதலாவது ‘இபாரத்துன் நஸ்’; எதைச் சொல்வதற்காக அவ்வாசகம் வந்ததோ அப்பொருள். இரண்டாவது ‘இஷாரத்துன் நஸ்’; சொல்வதற்காக வாசகம் வராவிடினும், அச்சொல்லமைப்பிலிருந்து பிரிக்க முடியாதவாறு உடன்வரும் பொருள். குழந்தையைச் சுமப்பதற்கும் பால்குடி மறக்கச் செய்வதற்கும் முப்பது மாதங்கள் என அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் கூறுகிறது. பால்குடியின் காலம் ஈராண்டுகள் என லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் கூறுகிறது. தாயின் சிரமத்தை எடுத்துரைத்துப் பெற்றோரைப் பேணுமாறு பணிப்பதே இரண்டின் நோக்கம். ஆயினும் இரண்டையும் இணைத்து, கருவுற்றிருக்கும் காலத்தின் குறைந்த அளவு ஆறு மாதம் என்று நபித்தோழர்கள் சட்டம் வகுத்தனர். இஷாரத்தின் ஆற்றல் இதுவே.

புகைப்படத்திலும் இவ்விரண்டும் உள. குளத்தையும் கோபுரத்தையும் காட்டுவது ஒரு படத்தின் இபாரத் எனில், படிக்கட்டில் துணி பிழிபவரும், குடத்தை இடுப்பில் ஏந்தி ஏறுபவளும், கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மாட்டுக்கு நீர் காட்டுபவரும் அதன் இஷாரத். முன்னதில் படமெடுத்தவரின் விருப்பம், வாங்குவோரின் சுவை, அஞ்சலட்டை விற்பனையாளரின் கணக்கு யாவும் கலந்திருக்கும். பின்னதில் அவ்விருப்பத்தின் கலப்பு குறைவு. எனவேதான் அது சான்றாக வலுப்பெறுகிறது. ஆனால் உஸூல் அறிஞர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையும் தருகின்றனர். இபாரத்தும் இஷாரத்தும் முரண்படுமிடத்து இபாரத்தே முற்படுத்தப்படும். இஷாரத் நுட்பமானது, ஆழ்ந்து நோக்குவோர்க்கே புலப்படுவது, எளிதில் பிழைபடக்கூடியது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு

இம்முறையைச் சென்னையின் தென்பகுதிப் படங்களில் பொருத்திப் பார்ப்போம்.

தேதியிடப்படாத ஒரு மயிலாப்பூர்ப் படம் கிடைக்கிறது எனக் கொள்வோம். முதலில் காலத்தை வரையறுக்க வேண்டும். கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் 1906இல் எழுந்தது. சாந்தோம் பேராலயம் இன்றைய கூர்ங்கோபுரத்துடன் 1896இல் நிறைவுற்றது. மதராஸில் மின்சார டிராம் 1895இல் தொடங்கி 1953இல் நின்றது. எனவே தெருவில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் எல்லைகள் இரண்டும் தெளிவாகின்றன. அறிவிப்பாளரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளைக் கொண்டு, இன்னாரை இன்னார் சந்தித்திருக்க இயலுமா எனச் சோதிக்கும் முஹத்திஸ்களின் முறைக்கு இது ஒப்பானது.

காலம் தெளிந்தபின் மனிதரை நோக்க வேண்டும். இங்கேதான் நம்மவர் பலர் அவசரப்படுகின்றனர். தலைப்பாகை கண்டவுடன் ஒரு சமயத்தவர் என்றும், கைலி கண்டவுடன் மற்றொரு சமயத்தவர் என்றும் முடிவு கட்டுவது முறையன்று. உடுப்பு சமயத்தை மட்டுமன்றித் தொழிலையும் ஊரையும் பொருளாதார நிலையையும் சுட்டும். துருக்கித் தொப்பிகூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மறைந்த ஒரு காலத்தின் அடையாளமேயன்றி எல்லாக் காலத்துக்கும் உரியதன்று. உறுதியாகச் சொல்லத்தக்கது சிறிதெனினும் அச்சிறிதுக்கு மதிப்பு மிகுதி. குளக்கரையில் யார் எந்தப் படியில் நின்றனர், தெருவின் எப்பகுதியில் வண்டிகள் காத்திருந்தன, நிழல் எத்திசையில் விழுகிறது, ஆகவே அது காலையா மாலையா என்பன கணக்கிட்டுச் சொல்லத்தக்கவை. கபாலீசுவரர் கோயிற் குளத்தின் நிலம் ஆற்காட்டு நவாபால் வழங்கப்பட்டது என்றும், ஆஷூரா நாளில் முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் அதனால் வந்தது என்றும் ஒரு செய்தி மயிலாப்பூரில் வழங்கிவருகிறது. அவ்வழக்கத்தைக் காட்டும் படங்கள் கிடைக்குமானால், வாய்மொழிக்குத் துணைநிற்கும் ‘ஷாஹித்’ என்னும் சான்றாக அவை அமையும். வாய்மொழியும் படமும் தனித்தனியே பலவீனமாயினும், ஒன்றையொன்று தாங்கும்போது வலுப்பெறும்.

தியாகராய நகரில் நிலைமை வேறு. அங்கே மறைந்தது மனிதர் மட்டுமன்று, நிலக்காட்சியே மறைந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பேரேரி, 1920களில் நகர் விரிவாக்கத்துக்காகத் தூர்க்கப்பட்டு, சர் பிட்டி தியாகராயரின் பெயரால் புதுநகர் எழுந்தது. எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் அமைந்தது. மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ’ சாலை இல்லாத ஏரியை நோக்கியவாறு இன்றும் பெயர் தாங்கி நிற்கிறது. புதுநகரின் சாலைகளுக்கு அக்காலத் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1934இல் மதராஸ் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக விளங்கிய சர் முஹம்மது உஸ்மான் பெயரால் உஸ்மான் சாலையும், வைசிராயின் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்த சர் முஹம்மது ஹபீபுல்லாஹ் பெயரால் ஹபீபுல்லாஹ் சாலையும் அங்குள்ளன. இன்று இலட்சோபலட்சம் மக்கள் நகையும் துணியும் வாங்க நெருக்கியடிக்கும் உஸ்மான் சாலையில், அப்பெயருக்குரியவர் யார் என அறிந்தோர் சிலரே. அத்தலைவர்களின் படங்கள் ஆவணங்களில் உள்ளன. ஆனால் ஏரியில் மீன்பிடித்தோர், கரையில் துணி வெளுத்தோர், அதன் நீரில் பயிரிட்டோர் எங்கே சென்றனர்? ஏரி உள்ள பழைய படம் ஒன்றின் ஓரத்தில் அத்தகையவர் நிற்பின், அவர் ஒரு வாழ்க்கை முறையின் சாட்சி.

அடையாற்றின் முகத்துவாரம் இன்னும் நிலக்காட்சியாகவே எஞ்சியிருக்கிறது. 1882இல் பிரம்மஞான சபை குடியேறிய தோப்பும், மீனவர் குப்பங்களும், உடைந்த பாலமும் படமெடுப்போரை ஈர்த்துவருகின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதும், 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தபோதும் எடுக்கப்பட்ட படங்கள் பல்லாயிரம். 2015இல் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் கதவு திறந்தன. முஸ்லிம் தொண்டர்கள் வெள்ளம் வடிந்தபின் கோயில்களையும் தூய்மை செய்தனர். இவற்றைக் காட்டும் படங்களுள் எவை நாளைய வரலாற்றாசிரியனுக்குப் பயன்படும்? பதாகை பிடித்து, கருவியை நோக்கி முறுவலித்து நிற்கும் படங்களைவிட, இடுப்பளவு நீரில் முதியவர் ஒருவரைத் தூக்கிச் செல்வோர் எவரையும் நோக்காது நடக்கும் படமே அவனிடம் உண்மை பேசும். இஃலாஸ் என்னும் வாய்மையை அளக்கப் படம் போதாது. அல்லாஹ்வே உள்ளங்களை அறிந்தவன். ஆயினும் பார்ப்பவரை நோக்காத செயலுக்கும், பார்ப்பவர்க்காகவே செய்யப்படும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மார்க்கம் தொடக்க முதலே கற்பித்து வந்துள்ளது.

குறிப்பு என்னும் இடைச்செருகல்

தற்செயற் படங்களை வாசிப்பதில் பெருந்தடை எது என வினவினால், படத்தின் கீழுள்ள குறிப்பே என்போம். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் எடுத்த படம் அது. முக்காடிட்ட பெண்கள் சிலர் முதுகு காட்டி நிற்க, ஒருவர் கைகளை விரித்தேந்தியிருக்க, தொலைவில் மேகமும் மலையும் படர்ந்துள்ளன. நிலக்காட்சியில் மனிதர் என்னும் பொருளுக்கு இதனினும் சிறந்த படம் அரிது. ஆனால் அதனுடன் உலகெங்கும் வழங்கும் குறிப்பு, இமயத்தின் பின்னெழும் ஞாயிற்றை நோக்கி முஸ்லிம் பெண்கள் தொழுகின்றனர் என்ற பொருளைத் தருகிறது.

மக்தப் பயிலும் சிறுவனும் இக்குறிப்பில் உள்ள பிழையை அறிவான். முஸ்லிம் எவரும் சூரியனை நோக்கித் தொழுவதில்லை. சூரியன் உதிக்கும் வேளையில் தொழுவதே நபிமொழியால் தடுக்கப்பட்டுள்ளது. ஸ்ரீநகரிலிருந்து கஅபா மேற்கே, சற்றுத் தெற்கு சாய்ந்துள்ளது. ஞாயிறோ கிழக்கில் எழுவது. மேலும் அப்பெண்கள் அணிவகுத்து நிற்கவில்லை. விரித்தேந்திய கை துஆவின் கை. தொழுகையின் நிலை அன்று. ஹம்ஸா மக்தூம் (ரஹ்) அவர்களின் தர்கா அமைந்த குன்று அது என்பதையும் சேர்த்து நோக்கினால், இறைஞ்சுதலுக்காக அங்கே வந்தவர்கள் எனக் கொள்வதே பொருத்தம். படம் பொய் சொல்லவில்லை. குறிப்புத்தான் படத்தில் இல்லாததைச் சேர்த்தது.

ஹதீஸ் கலையில் இதற்குப் பெயர் ‘இத்ராஜ்’. அறிவிப்பாளர் தம் விளக்கத்தை மூலவாசகத்தோடு கலந்துவிடுவதால் நேரும் குறை அது. கதீப் அல்பக்தாதி (இறப்பு 1071) இத்தகைய இடைச்செருகல்களைப் பிரித்துக்காட்டவே தனி நூல் யாத்தார். மூலம் எது, சேர்க்கை எது எனப் பிரித்தபின்னரே பொருள் கொள்ளல் வேண்டும். அழகிய அப்படத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதன்மேல் ஒட்டப்பட்ட சொற்களை மட்டும் தனியே எடுத்துவைத்தல் போதும். நம்மைப் பற்றிய படங்களின் குறிப்புகளை நாமே எழுதாதவரை பிறர் எழுதுவர். அறியாமையாலும் எழுதுவர், கெடுநோக்காலும் எழுதுவர். அண்மைக் காலத்தில் பழைய படங்களைப் புதிய கலவரங்களின் படங்களெனக் கைப்பேசிகளில் பரப்புவோர் செய்வதும் இவ்வித்ராஜே. அதன் விலை மனித உயிராகவும் இருந்துள்ளது.

பார்ப்பதற்கும் எல்லை உண்டு

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு வாசகர்கள் அறிந்ததே. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படமென்பது நிழலைத் தடுத்து நிறுத்துதலேயன்றிப் படைத்தலுக்கு ஒப்பாகாது என வாதிட்டு அதனை அனுமதித்தார். மௌலானா செய்யிது சுலைமான் நத்வி 1919இல் அனுமதியின் பக்கம் எழுதிப் பிற்காலத்தில் அதிலிருந்து மீண்டார். முஃப்தி முஹம்மது ஷஃபீ தடையை நிலைநாட்டித் தனி நூல் எழுதினார். இவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதே வேளையில், எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் எடுத்த படங்களின்றி அப்புனித நகரங்களின் பழைய தோற்றத்தை நாம் அறிந்திருக்கமாட்டோம் என்பதும் மறுக்க இயலாதது.

படம் ஆகுமா என்ற வினாவைப் போலவே, பிறரறியாமல் எடுத்தல் ஆகுமா என்ற வினாவும் முதன்மையானது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. பிறர் வீட்டினுள் நுழைய அனுமதி கேட்குமாறு விதித்ததன் காரணமே பார்வைதான் என்பது நபிமொழியின் கருத்து. எனவே தற்செயற் படத்தின் சிறப்பைப் பேசும் நாம், அது மறைந்திருந்து கவர்ந்த படமாகக் கூடாது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். மெரீனாவிலோ எல்லியட்ஸ் கடற்கரையிலோ தொலைவில் ஒரு குடும்பம் அலையை நோக்கி நிற்பதைப் பரந்த காட்சியின் பகுதியாக எடுப்பது வேறு. அக்குடும்பத்துப் பெண்ணின் முகத்தை நெருங்கி எடுத்து ஊரறியப் பரப்புவது வேறு. பசித்தவன் உண்ணும் படம், அழுபவளின் படம், மயங்கிக் கிடப்பவனின் படம் ஆகியவற்றில் ஹூப்பரின் பாவம் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அன்று ஓர் அதிகாரியிடம் இருந்த கருவி இன்று எல்லோர் கையிலும் உள்ளது என்பதே வேறுபாடு. எடுக்கப்படுபவன் எதிரே நின்று இப்படத்தைக் கண்டால் நாணுவானா என்ற ஒரு கேள்வி போதும். நாணுவான் எனின், அப்படம் எத்துணைப் பொருள் செறிந்ததாயினும் அதைப் பரப்புவதைத் தவிர்ப்பதே நலம்.

நம் முன்னுள்ள பணி

சுருள் படங்களின் காலம் முடிந்து, ஊர்தோறும் இருந்த பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டுவிட்டன. கண்ணாடித் தகடுகளும் நெகடிவ்களும் ஈரத்திலும் பூஞ்சையிலும் அழிகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் தமிழக ஸ்டுடியோப் படங்களைப் பாதுகாக்க எடுத்த முயற்சி போற்றத்தக்கது. ஆனால் குடும்ப ஆல்பங்களும், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்களுக்கெனத் திரட்டப்பட்ட படங்களும், மத்ரஸாப் பட்டமளிப்பு விழாப் படங்களும் எந்நிறுவனத்தின் கைக்கும் எட்டாதவை. அவற்றைக் காப்பது மஹல்லாக்களின் பொறுப்பு.

ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மென்பென்சிலால் இடம், ஆண்டு, எடுத்தவர், வழங்கியவர் ஆகிய நான்கையும் எழுதிவைத்தல் முதற்பணி. அறிந்ததை அறிந்ததெனவும், கேட்டதைக் கேட்டதெனவும், ஊகத்தை ஊகமெனவும் பிரித்து எழுதுதல் வேண்டும். நம் முன்னோர் ஸனதைப் பேணிய முறை அதுவே. அடுத்து, விழா மேடையின் நடுவில் அமர்ந்தோரை மட்டும் பெயர்சொல்லிக் குறித்துவிட்டு, தேநீர் வழங்கியவரையும், பாய் விரித்தவரையும், வாசலில் செருப்புகளைக் காத்தவரையும் பெயரின்றி விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எண்பது வயதைக் கடந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். படத்தைக் காட்டி, ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் அவர்கள் சொல்லக்கூடும். பத்தாண்டுகள் கழித்துக் கேட்க எவரும் இருக்கமாட்டார்.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 45, 46ஆம் வசனங்கள் நிழலைப் பற்றிச் சிந்திக்க அழைக்கின்றன. அதனை நீட்டுபவனும் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொள்பவனும் இறைவனே. அவன் நாடியிருப்பின் அது அசையாது நின்றிருக்கும். நிழலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் ஆற்றலை மனிதன் பெற்று இரு நூற்றாண்டுகளை நெருங்குகிறது. அவ்வாறு நின்ற நிழல்களுள் நம் முன்னோருடையவையும் உள்ளன. அவற்றை அடையாளம் காணவும், பொய்யான குறிப்புகளிலிருந்து மீட்கவும், அவர்தம் மானத்தைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.